பதினேழு ஆண்டு மண்வெட்டி… பதிவேட்டில் ‘திறன் இல்லாதவர்’

நூறு நாள் வேலை ஸ்ரீவைகுண்டம் வட்டாரத்துக்குக் கூலி கொண்டுவந்தது. தொழிலைக் கொண்டுவந்ததா? தாமிரபரணிக் கரையிலிருந்து ஒரு பார்வை.

கொத்து வேலைக்குக் கையாளாகப் போகிற பையனைப் பாருங்கள். முதல் வருஷம் சாந்துச் சட்டி தூக்குவான். அடுத்த வருஷம், கொத்தனார் டீ குடிக்கப் போன நேரம் பார்த்துக் கரண்டியை எடுத்து நாலு செங்கல் வைத்துப் பார்ப்பான். திரும்பி வந்த கொத்தனாரிடம் வசவு வாங்குவான். நாலைந்து வருஷத்தில் தூக்குக்குண்டும் ரசமட்டமும் அவன் கைக்குப் பழகிவிடும், கூலியும் ஏறிவிடும். எந்த அலுவலகமும் அவனுக்குச் சான்றிதழ் தரப்போவதில்லை. ஆனாலும் ஊர் அவனைக் கொத்தனார் என்றுதான் கூப்பிடும்.

அப்படியே குளத்தங்கரைக்கு வாருங்கள். தூத்துக்குடி மாவட்டத்துக்கு நூறு நாள் வேலை வந்தது 2008 ஏப்ரலில். அன்றைக்கு முப்பது வயதில் மண்வெட்டி பிடித்த பெண்ணுக்கு இப்போது ஐம்பது நெருங்குகிறது. குளத்துக் கரையை எவ்வளவு சாய்வாகப் போட்டால் மழைக்குச் சரியாது, எந்த இடத்தில் நண்டு வளை வைத்து நீர் கசியும், வாய்க்காலில் எந்த வளைவில் வண்டல் சேரும் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. 2008-ல் 80 ரூபாயாக இருந்த கூலி 2025-26-ல் 336 ரூபாயாகியிருக்கிறது. ஆனால் பதிவேட்டில் அவர் அன்றும் ‘திறன்சாராத் தொழிலாளி’, இன்றும் அதேதான்.

அது அதிகாரிகள் செய்த பிழையில்லை. 2005-ல் நிறைவேறிய ஊரக வேலை உறுதிச் சட்டம் இந்த வேலைக்குத் தரும் விளக்கமே அப்படி: தனித் திறனோ பயிற்சியோ இல்லாமல் வயதுவந்த எவரும் செய்யக்கூடிய உடலுழைப்பு. எவரும் செய்யக்கூடியது என்பதால்தான் எவருக்கும் கதவு திறந்திருக்கிறது. உள்ளே போனவர் அடுத்த படி ஏறுவதற்கு வழியில்லாமல் இருப்பதும் அதே வரியால்தான்.

பேரில் ஓர் ஊர், சட்டத்தில் இரண்டு

ஸ்ரீவைகுண்டம் ஊராட்சி ஒன்றியத்தின் கிராமங்களில் நூறு நாள் வேலை உண்டு. ஸ்ரீவைகுண்டம் பேரூராட்சியில் கிடையாது. சட்டம் ஊரகப் பகுதிக்கானது. பேரூராட்சி என்பது நகர்ப்புறக் கணக்கில் வருகிறது. கோயிலைச் சுற்றிய தெருக்களில் இருக்கிறவருக்கும், எல்லைக்கு அந்தப் பக்கம் குடியிருக்கிற அவருடைய மதினிக்கும் வறுமை ஒன்றுதான். வேலை அட்டை மட்டும் ஒருவரிடம் இருக்கும், மற்றவரிடம் இருக்காது.

இந்தப் பள்ளத்தை நிரப்பத்தான் தமிழ்நாடு அரசு 2022-ல் நகர்ப்புற வேலைவாய்ப்புத் திட்டத்தை 100 கோடி ரூபாயில் சோதனை முயற்சியாகத் தொடங்கியது. பொருளாதார அறிஞர் சி.ரங்கராஜன் தலைமையிலான குழு 2020-லேயே இதைப் பரிந்துரைத்திருந்தது. சென்னையின் இரண்டு மண்டலங்கள், மற்ற மாநகராட்சிகளில் ஒவ்வொரு மண்டலம், 7 நகராட்சிகள், 37 பேரூராட்சிகள் என்று பட்டியல் போடப்பட்டது. தமிழ்நாட்டில் பேரூராட்சிகள் ஐந்நூறுக்குச் சற்றுக் குறைவு. அதில் 37 என்பது பானைக்கு ஒரு பருக்கை. கேரளம் 2010-லேயே அய்யங்காளி பெயரில் நகர்ப்புற வேலை உறுதித் திட்டத்தைக் கொண்டுவந்துவிட்டது. ராஜஸ்தான் 2022 செப்டம்பரில் தொடங்கியது.

படித்துவிட்டு நிற்கிற பிள்ளைகளுக்கு இன்னொரு ஏற்பாடு இருக்கிறது. வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்து ஐந்தாண்டு காத்திருந்தால் உதவித்தொகை கிடைக்கும். பத்தாம் வகுப்பு தவறியவருக்கு மாதம் 200 ரூபாய், தேறியவருக்கு 300, பிளஸ் டூ முடித்தவருக்கு 400, பட்டதாரிக்கு 600; அதிகபட்சம் மூன்று ஆண்டு. ஆக, அம்மாவுக்குப் பயிற்சி இல்லாத வேலை. மகனுக்கு வேலை இல்லாத உதவித்தொகை. ஒரே வீட்டுக்குள் இரண்டு திட்டம் நுழைகிறது. வேலையையும் பழக்கத்தையும் சேர்த்துக் கொடுக்கிற மூன்றாவது ஒன்றுதான் வரவில்லை.

பஞ்சம் எழுதிய விதி

ஏன் இப்படி ஆனது என்று கேட்டால் பதில் நூற்றைம்பது ஆண்டுக்கு முன்னால் இருக்கிறது.

இந்த வட்டாரத்தில் ஊர் கூடி வேலை செய்வது புதிதல்ல. குளம், கால்வாய் மராமத்தை ஊரே பார்த்துக்கொள்ளும் குடிமராமத்து இங்கே பழைய வழக்கம். வெள்ளைக்காரர் 1858-ல் கட்டாய உழைப்புச் சட்டம் போட்டு அந்த வழக்கத்தைச் சட்டக் கடமையாக்கினார்கள். அதற்குச் சில ஆண்டுகள் கழித்து, 1873 வாக்கில், தாமிரபரணியின் எட்டாவதும் கடைசியுமான அணைக்கட்டு ஸ்ரீவைகுண்டத்தில் எழுந்தது. வடகால், தென்கால் என்று இரு பக்கமும் கால்வாய்கள் பிரிந்து சுமார் 25,000 ஏக்கருக்குத் தண்ணீர் கொண்டுபோயின.

அணை முடிந்த மூன்றே ஆண்டில் தாது வருஷப் பஞ்சம், 1876 முதல் 1878 வரை. சென்னை மாகாணம் முழுக்க நிவாரண வேலைகள் திறக்கப்பட்டன: கல் உடைப்பது, ரோடு போடுவது, கால்வாய் வெட்டுவது. சென்னையில் பக்கிங்ஹாம் கால்வாயின் ஒரு பகுதி அப்படி வெட்டப்பட்டதுதான். செலவைக் குறைக்க வந்த ஆங்கிலேய அதிகாரி ரிச்சர்ட் டெம்பிள், ஆண் ஒருவருக்கு ஒரு பவுண்டு தானியமும் ஓர் அணாவும் போதும் என்று கூலியை வெட்டினார். அந்த உணவில் உடல் உழைக்காது என்று மாகாண சுகாதார ஆணையர் கார்னிஷ் சண்டைபோட்டார்.

அந்தக் காலத்து நிவாரண வேலைக்குப் பின்னால் ஒரு கணக்கு இருந்தது. வேலை கடினமாகவும், கூலி சொற்பமாகவும், இடம் தூரமாகவும் இருந்தால் உண்மையிலேயே பட்டினி கிடப்பவர் மட்டும் வருவார். மற்றவர் தாமாகவே ஒதுங்கிக்கொள்வார். வேலை என்பது ஒரு சல்லடை. சல்லடையில் யாரும் பாடம் நடத்துவதில்லை. 1880-களின் பஞ்ச விதித்தொகுப்புகள் இந்த எண்ணத்தை எழுத்தில் வைத்தன. 1972 வறட்சியில் மராட்டியம் தொடங்கிய வேலை உறுதித் திட்டம் அதைப் பெரிதும் மாற்றி, வேலையை உரிமையாக்கியது. 2005 சட்டம் இன்னும் ஒரு படி மேலே போனது: கேட்ட 15 நாளுக்குள் வேலை, அது ஐந்து கிலோமீட்டருக்குள், தராவிட்டால் வேலையில்லாக் காலப் படி. கொடுமை போய் உரிமை வந்தது. வேலையின் உள்ளடக்கம் மட்டும் பழைய மண்வெட்டியிலேயே நின்றுவிட்டது.

காலைப் போட்டோ, பிற்பகல் போட்டோ

இன்றைய வேலைத்தளம் எப்படி நடக்கிறது? காலையில் கரையில் எல்லாரும் வரிசையாக நிற்க வேண்டும். பணித்தளப் பொறுப்பாளர் கைபேசிச் செயலியில் வருகையைப் பதிந்து போட்டோ எடுப்பார். பிற்பகலில் இன்னொரு போட்டோ. 2023 ஜனவரி 1 முதல் எல்லாத் தளங்களிலும் இது கட்டாயம். கரையில் சிக்னல் இல்லையென்றால் போன் மேலே போக, ஆட்கள் கீழே காத்திருப்பார்கள். அதன்பிறகு முழக்கோல் வைத்து அளந்துவிட்ட இடத்தில் ஆளுக்கு இவ்வளவு என்று மண் வெட்டு. ‘வெட்டி முடித்த அளவுக்குத்தான் கூலி’ என்பதால் ஓவர்சியர் அளக்கும்போது எல்லார் கண்ணும் டேப்பிலேயே இருக்கும்.

தமிழ்நாட்டில் இந்த வேலைக்கு வருகிறவர்களில் பத்துக்கு எட்டுக்கு மேல் பெண்கள். சட்டம் கேட்டது மூன்றில் ஒரு பங்குதான். வயல் வேலையில் ஆணுக்கு ஒரு கூலி, பெண்ணுக்கு ஒரு கூலி என்று இருந்த ஊர்களில் முதல்முறையாகச் சம கூலி வந்தது இந்தக் கரையில். பணம் தன் பேரில் இருக்கிற வங்கிக் கணக்குக்கு வந்ததும் பலருக்கு முதல் அனுபவம். ‘மரத்தடியில் உட்கார்ந்துட்டுப் போறாங்க’ என்று டீக்கடையில் பேசுவது எளிது. 2024 நவம்பரிலிருந்து 2025 மார்ச் வரை கூலி வராமல் நின்று, 4,034 கோடி ரூபாய் நிலுவை என்று மாநில அரசு கணக்குச் சொன்ன மாதங்களில், பலசரக்குக் கடைக் கடன் நோட்டைப் புரட்டியிருந்தால் அந்தப் பணத்தின் அருமை தெரிந்திருக்கும்.

இந்தக் கரையிலேயே ஒருவர் மட்டும் வேறு வேலை கற்றுக்கொள்கிறார், கவனித்தீர்களா? அந்தப் பணித்தளப் பொறுப்பாளர். பெரும்பாலும் அதே ஊர்ப் பெண், பத்தாவதோ பிளஸ் டூவோ படித்தவர். பதிவேடு எழுத, செயலியை இயக்க, அளவு எடுக்க, பிடிஓ அலுவலகத்தில் நின்று பேச, சண்டையைத் தீர்க்கப் பழகிவிடுகிறார். யாரும் பயிற்சி என்று பெயர் வைக்காத பயிற்சி அது. திட்டத்துக்குள் பாடம் நடத்த இடமில்லை என்பவர்களுக்கு அவரே பதில். இடம் ஒருவருக்கு இருந்தால் கரையில் நிற்கிற எல்லாருக்கும் இருக்கும்.

குழிக்குள் ஒரு பள்ளிக்கூடம்

ஸ்ரீவைகுண்டத்துக்குப் பக்கத்திலேயே இன்னோர் எடுத்துக்காட்டு இருக்கிறது. மேற்கே ஆதிச்சநல்லூர், கிழக்கே சிவகளை. ஆதிச்சநல்லூரில் 1876-ல் ஜாகோர் என்ற ஜெர்மானியரும், 1899 முதல் அலெக்சாண்டர் ரீயும் தோண்டினார்கள். 2004-05-ல் இந்தியத் தொல்லியல் துறை தோண்டியது. 2020-ல் மாநிலத் தொல்லியல் துறை ஆதிச்சநல்லூர், சிவகளை இரண்டிலும் இறங்கியது. சிவகளைத் தாழியில் கிடைத்த நெல்லுக்கு 3,200 ஆண்டு வயது என்று 2021-ல் அறிவிப்பு வந்தபோது நாளிதழ்களில் அறிஞர்கள் படம் வந்தது. குழிக்குள் இறங்கி அந்தத் தாழியை உடையாமல் வெளிக்கொண்டுவருவது போன்ற வேலையில் கூலிக்கு வருகிறவர்கள் சுற்றுவட்டார ஊர்க்காரர்கள்.

அகழாய்வுக் குழி பத்துக்குப் பத்து மீட்டர். அதை நாலாகப் பிரித்து நடுவில் வரப்பு விடுவார்கள். முதலில் சின்னக் கொத்தால் மெல்லச் சீவ வேண்டும். மண்ணின் நிறம் கொஞ்சம் மாறினாலும் கையை நிறுத்த வேண்டும்; அது பழைய குழியின் விளிம்பாக இருக்கலாம். கொத்து ‘டக்’ என்று ஓசை தந்தால் அதைக் கீழே வைத்துவிட்டுத் தூரிகையை எடுக்க வேண்டும். அள்ளிய மண் சல்லடைக்குப் போகும். பாசிமணி ஒன்று கண்ணில் தப்பினால் போச்சு. பானை ஓடுகளைக் கழுவி, நிழலில் உலர்த்தி, கறுப்பு-சிவப்பு ஓடு தனி, வெறும் சிவப்பு தனி என்று பிரிக்க வேண்டும்.

வயலில் களை பறித்த கைதான் அங்கேயும் வருகிறது. முதல் வாரம் அந்தக் கைக்கு வேகம் அதிகம். மண்ணைக் கண்டால் வெட்டத்தான் தெரியும். ஒரு பருவம் முடிவதற்குள் விரல் நிதானத்துக்கு வந்துவிடும். இரண்டாம் பருவத்தில் மாணவர்களுக்கு முன்னாலேயே நிறமாற்றத்தைக் காட்டித் தருகிற அளவு கண் தேறிவிடும். இந்த வேலையையும் ‘வயதுவந்த எவரும் செய்யக்கூடியது’ என்று தொடங்கித்தானே கொடுத்தார்கள்? கூடவே நின்று சொல்லிக்கொடுக்க ஒருவர் இருந்தார், வேலை படிப்படியாக நுட்பமானது, அவ்வளவுதான் வித்தியாசம். ஆனால் இங்கேயும் ஒரு குறை: பருவம் முடிந்து குழி மூடியதும் அவர் மறுபடி களை பறிக்கத்தான் போகிறார். அவருக்கு என்ன தெரியும் என்று சொல்ல ஒரு துண்டுச் சீட்டுக்கூடக் கையில் இருக்காது.

மடையடியில் ஆள் தேடி

தேவை இல்லாமலா இருக்கிறது? 2023 டிசம்பர் 17, 18 தேதிகளைத் தாமிரபரணிக் கரையில் யாரும் மறக்க முடியாது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் மழை. ஸ்ரீவைகுண்டம் ரயில் நிலையத்தில் செந்தூர் எக்ஸ்பிரஸ் நின்றுபோக, நூற்றுக்கணக்கான பயணிகள் இரண்டு நாள் சிக்கிக்கிடந்தார்கள். பக்கத்துப் புதுக்குடிக்காரர்கள் வெள்ளத்துக்கு நடுவே சமைத்துப் போட்டார்கள். குளங்கள் உடைந்தன, கால்வாய்க் கரைகள் அறுத்துக்கொண்டு போயின.

குளம் உடைந்தால் உடைப்பை அடைப்பது ஒரு தனி வித்தை. மண்ணைக் கொட்டினால் நீர் தூக்கிக்கொண்டு போய்விடும். எங்கே முளை அடிப்பது, மூட்டையை எந்தப் பக்கமிருந்து அடுக்கிக்கொண்டு வருவது, எப்போது மறுகாலைத் திறந்துவிட்டுப் பாரத்தைக் குறைப்பது என்று தெரிந்தவர் வேண்டும். அப்படித் தெரிந்தவர்கள் ஊருக்கு ஒன்றிரண்டு பேர், அவர்களும் வயதானவர்கள். வயலுக்கு முறைவைத்துத் தண்ணீர் விடும் நீர்பாய்ச்சி வேலைக்கும் பிள்ளைகள் வருவதில்லை. வடகாலின் தண்ணீர் கொற்கைக் குளம் தாண்டிக் கோரம்பள்ளம் வரை போக வேண்டும், தென்கால் கடம்பாக்குளத்தை நிரப்ப வேண்டும். கடைமடைக்குத் தண்ணீர் போய்ச் சேராததற்கு அமலைச்செடியும் வண்டலும் ஒரு காரணம் என்றால், ஷட்டர் துருப்பிடித்துக் கிடப்பதும், பார்த்துக்கொள்ளப் பழகிய ஆள் இல்லாததும் இன்னொரு காரணம். தூர்வார நூறு கை உண்டு. மடை பழுதுபார்க்க, ஷட்டருக்கு மசகு போட, கலிங்கு பூச, நீர் அளக்க ஒரு கை தேட வேண்டியிருக்கிறது.

பயிற்சி உண்டு, பக்கத்தில் இல்லை

அரசிடம் பயிற்சித் திட்டங்களுக்குப் பஞ்சமில்லை. நூறு நாளை முழுதாக முடித்த குடும்பத்தில் 18 முதல் 45 வயதுக்குள் ஒருவருக்குத் திறன் பயிற்சி தர ‘உன்னதி’ திட்டம் 2019 டிசம்பரில் வந்தது. இலக்கு நாடு முழுக்க 2 லட்சம் பேர். பயிற்சிக் காலத்தில் உதவித்தொகையும் உண்டு. ஊரகத் தொழில்பயிற்சி நிலையங்கள் மாவட்டத்துக்கு ஒன்று இருக்கின்றன. முன்னோடி வங்கிகள் நடத்துகின்றன, தங்கிப் படிக்கலாம், கட்டணம் கிடையாது. கர்நாடகத்தின் தர்மஸ்தலம் பக்கம் உஜிரேயில் 1982-ல் தொடங்கிய முயற்சிதான் இவற்றுக்கு மூலம். இளைஞர்களுக்கு 2022 முதல் ‘நான் முதல்வன்’. தூத்துக்குடி சிப்காட்டில் வின்ஃபாஸ்ட் மின்கார் ஆலை 2025 ஆகஸ்டில் திறந்திருக்கிறது. ஐடிஐ முடித்த பிள்ளைக்கு அந்தப் பக்கம் வழி தெரிகிறது.

சிக்கல் வேறு இடத்தில். கரையில் நிற்பவர்களில் பெரும்பகுதி நாற்பத்தைந்தைத் தாண்டிய பெண்கள். ஆடும் மாடும் பேரப்பிள்ளையும் விட்டுவிட்டு மாவட்டத் தலைநகரில் ஒரு மாதம் தங்கப் போக அவர்களால் ஆகாது. அவர்களுக்கு வகுப்பறை கரைக்கே வர வேண்டும். அப்படி நடந்த முன்மாதிரியும் உண்டு. திட்டத்தில் வேலை பார்க்கும் குடும்பத்தைச் சேர்ந்த பத்தாம் வகுப்பு படித்தவர்களைத் தேர்ந்தெடுத்து, 90 நாள் கட்டுமானப் பாடம் சொல்லிக்கொடுத்து, வேலையை அளந்து குறிக்கும் களத் தொழில்நுட்பர்களாக ஆக்கும் ஏற்பாடு மத்திய அரசிடமே இருக்கிறது. கேரளத்தின் பாலக்காடு மாவட்டம் பூக்கோட்டுக்காவில் இதே நூறு நாள் திட்டப் பெண்கள் கிணறு தோண்டக் கற்றுக்கொண்டு, ஆண்கள் மட்டும் செய்துவந்த அந்த வேலையைத் தமதாக்கிக்கொண்டார்கள். வேலூர் மாவட்ட நாகநதியில் பெண்கள் உறைகிணறு இறக்கி நிலத்தடி நீரை மீட்டார்கள். எவரும் சான்றிதழோடு வந்து அந்த வேலையைத் தொடங்கவில்லை.

மற்ற நாடுகள் என்ன செய்தன?

* அமெரிக்கா: பெருமந்தக் காலத்தில் 1933-ல் தொடங்கிய இளைஞர் வனப்பணிப் படை மரம் நட்டது, பாதை போட்டது, மாலையில் முகாமிலேயே வகுப்பும் நடத்தியது. எழுதப்படிக்கத் தெரியாமல் வந்த பல்லாயிரம் பேர் எழுத்தறிவோடு திரும்பினார்கள்.
* அயர்லாந்து: 1994 முதல் சமூக வேலைவாய்ப்புத் திட்டம். நீண்டநாள் வேலையில்லாதவருக்கு உள்ளூர்ச் சங்கம், முதியோர் பராமரிப்பு, விளையாட்டு மைதானம் போன்ற இடங்களில் வாரம் 19.5 மணி நேர வேலை. கூடவே ஒவ்வொருவருக்கும் தனிப் பயிற்சித் திட்டம். அதிலிருந்து வெளிச்சந்தை வேலைக்குப் போகிறவர் குறைவு என்ற விமர்சனமும் அங்கே உண்டு.
* தென்னாப்பிரிக்கா: 2004-ல் விரிவுபடுத்திய பொதுப்பணித் திட்டம். ரோடு, கட்டடத்தோடு நிறுத்தாமல் குழந்தைப் பராமரிப்பையும் வீட்டு நோயாளிப் பராமரிப்பையும் கூலி தரும் பொதுப்பணியாகச் சேர்த்தது.

புதுச் சட்டம், பழைய கேள்வி

2025 டிசம்பரில் நாடாளுமன்றம் 2005 சட்டத்துக்குப் பதிலாகப் புதுச் சட்டத்தை நிறைவேற்றியது. திட்டத்துக்கு இருந்த மகாத்மா காந்தி பெயர் போய், ‘விபி-ஜி ராம் ஜி’ என்ற சுருக்கப்பெயர் வந்திருக்கிறது. நாள் 100-லிருந்து 125 ஆகிறது. அதுவரை திறன்சாராக் கூலியை முழுதாக மத்திய அரசு ஏற்றது. இனி பெரும்பாலான மாநிலங்களில் 60:40 பங்கு. விதைப்பு, அறுவடைக் காலங்களில் 60 நாள் வரை வேலையை நிறுத்திவைக்கவும் இடம் உண்டு. தமிழ்நாடு அரசு எதிர்த்தது. மாநிலத்தின் சுமை கூடும், கேட்டால் வேலை என்ற உரிமை மெலியும் என்பது வாதம்.

இந்தப் பள்ளத்தாக்கில் அந்த 60 நாள் எங்கே விழும்? இங்கே கார், பிசானம் என்று இரண்டு போகம். நடவுக்கும் அறுப்புக்கும் ஆள் கிடைக்கவில்லை என்று விவசாயிகள் சொல்லும் குறை நியாயமானதே. ஆனால் அறுப்பு இயந்திரம் வந்த பிறகு பெண்களுக்கு அறுவடையில் முன்பு இருந்த வேலையும் இல்லை. வயலில் இயந்திரம், கரையில் விடுமுறை என்றால் அந்த வாரங்களில் அடுப்பு எப்படி எரியும்? நிறுத்திவைக்கிற நாளைப் பயிற்சி நாளாக்கி, படியும் கொடுத்தால் ஒரே கல்லில் இரண்டு மாங்காய். அப்படி ஒரு வரி சட்டத்தில் இல்லை.

பெரிய செலவு ஒன்றும் கேட்கவில்லை. நூற்றில் பத்து நாளைக் கற்கும் நாளாக வைக்கலாம், கூலி குறையாமல். கலிங்குப் பூச்சு வேலை வரும்போது வெளியூர்க் கொத்தனாரோடு ஊர்ப் பெண்கள் நாலு பேரைக் கரண்டியோடு நிறுத்தலாம். உடைப்பு அடைக்கத் தெரிந்த பெரியவரைக் கூலி கொடுத்து ஆசிரியராக்கலாம். நீர்வளத் துறை ஷட்டர் பராமரிப்பைக் கோடையில், குளம் வற்றிய மாதங்களில், இவர்களை வைத்தே சொல்லிக்கொடுத்துச் செய்யலாம். பேரூராட்சிக்காரர்களையும் சேர்த்துக்கொள்ளலாம், வடகால் எல்லைக் கல்லைப் பார்த்து ஓடுவதில்லை.

வேலை அட்டையை ஒருமுறை கையில் வாங்கிப் பாருங்கள். குடும்பத்தார் பெயர், போட்டோ, வேலை நடந்த தேதி, எத்தனை நாள் என்று கட்டம் கட்டமாக இடம் விட்டிருக்கிறார்கள். வியர்வையில் ஊறி, நாலாக மடித்து, ரேஷன் அட்டையோடு ஒரே பையில் வைத்துப் பதினேழு ஆண்டு பாதுகாத்த அட்டை. அதில் என்ன கற்றார் என்று எழுத ஒரு கட்டம் இல்லை. அடுத்த அட்டை அச்சடிக்கும்போது அந்தக் கட்டத்தைச் சேர்க்கட்டும். அதை நிரப்புவதற்காகவாவது யாராவது ஒருவர் கரைக்கு வந்து சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கும்.